சிங்கப்பூர் தேக்கா முடி வெட்டற கடை: கட்டிங் 12 வெள்ளி (டாலர்), கலைஞரோட 13 தேர்தல் ஃப்ரீ

போன ஞாயித்துக்கெழம பையனுக்கு முடி வெட்ட தேக்கா பக்கம் போனோம், ஸ்கூல்ல காதுக்கு மேல முடி தொங்குதுன்னு டீச்சர் சொல்லி விட்டுட்டாங்க, எப்பவும் போற கடை மூடியிருந்துச்சு, சரின்னு மார்க்கெட்டுக்குப் பின்னால நடந்துட்டு வரும்போது கண்ணுல பட்டது இந்தக் கடை. பேரு போட மாட்டேன், கொஞ்சம் குறை சொல்லப் போறேன்.

மூணு சேரு, ஒரு பழைய ஏர்கான், அது சத்தம் போடும் ஆனா குளுராது. ஞாயிறுங்கறதால லீவுல வந்த தம்பிங்க எல்லாம் வரிசையா உக்காந்திருந்தாங்க, எங்களுக்கு 50 நிமிஷம் ஆச்சு. வெளில போன்ல காசு அனுப்பற பேநவ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, உள்ள போனா கைக்காசுதான் வேணுங்கறாங்க. இதெல்லாம் மைனஸ்.

இனி விஷயத்துக்கு வர்றேன். கடைக்கார அங்கிளுக்குச் சொந்த ஊரு குளித்தலை பக்கம். துண்டக் கழுத்துல சுத்தும்போது "எங்கூரு தெரியுமா தம்பி, கலைஞர மொத மொத சட்டசபைக்கு அனுப்புன ஊரு"ன்னு ஆரம்பிச்சாரு, அவ்ளோதான், பையன் தலை முடியற வரைக்கும் நிக்கல. 1957ல குளித்தலை, அப்ப திமுகவுக்கே மொத்தம் 15 பேருதான், சட்டசபையில கலைஞர் மொதல்ல பேசினதே நங்கவரம் விவசாயிங்க பிரச்சனைய பத்தின்னு சொல்றாரு. இவரு பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்லுவாரு.

அடுத்து 1962 தஞ்சாவூர், எதிர்ல பரிசுத்த நாடார், பெரிய ஆளு. அந்த வருஷம் அண்ணாவே காஞ்சிபுரத்துல தோத்துட்டாரு, கலைஞர் ஜெயிச்சிட்டாரு. 67லயும் 71லயும் சைதாப்பேட்டை. 67ல காமராஜரே சொந்த ஊரு விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவர்கிட்ட 1285 ஓட்டுல தோத்தாரு, 77ல இந்திரா அம்மா ரேபரேலில தோத்தாங்க, 96ல ஜெயலலிதா பர்கூர்ல தோத்தாங்க, "எங்காளு மட்டும் 13 தடவ நின்னு 13 தடவையும் ஜெயிச்சாரு"ன்னு சீப்ப கண்ணாடில தட்டி தட்டி சொல்றாரு. பையன் குறுக்க "வாக்ஓவரா அங்கிள்?"னு கேட்டான், இங்க பொறந்து வளந்த புள்ள, போட்டியில்லாம ஜெயிக்கறதும் தேர்தல்ல ஒரு வகைன்னு நெனச்சிருக்கான். அங்கிளுக்கு கோவமே வந்துருச்சு.

பக்கத்து சேர்ல மூஞ்சி பூரா நுரையோட ஒரு அண்ணன், எம்ஜிஆர் கட்சி போல, "அவரு தோக்கல சரி, கட்சி தோத்துச்சே, 77ல இருந்து 12 வருஷம் கோட்டப் பக்கமே வர முடியலயே"ன்னாரு. கரெக்ட்தான். 80 ஜனவரில காங்கிரஸோட சேந்து பார்லிமெண்ட் தேர்தல்ல 39ல 37 அள்ளுனாங்க, நாலே மாசத்துல மே மாசம் சட்டசபைக்கு எம்ஜிஆர் திரும்ப வந்துட்டாரு. அந்தத் தேர்தல்ல அண்ணா நகர்ல கலைஞர் ஜெயிச்சது வெறும் 699 ஓட்டுல, எதிர்ல டாக்டர் ஹண்டே, தோத்தவரு எம்ஜிஆர் மந்திரிசபைல சுகாதார மந்திரி ஆயிட்டாரு. 699னு சொல்லும்போது அங்கிள் கத்திரிய நிறுத்திட்டாரு, அதோட ஒரு பக்க கிருதா கொஞ்சம் மேல ஏறிடுச்சு. வீட்டுக்கு வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது.

அண்ணன் விட்டாரா, 91ஐயும் எடுத்தாரு. ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர்ல கொல்லப்பட்டதுக்கு அப்புறம் நடந்த தேர்தல், திமுகவுக்கு மொத்தமே ரெண்டு சீட்டு, சென்னை துறைமுகம் தொகுதில கலைஞரு, எழும்பூர்ல பரிதி இளம்வழுதி. கலைஞருக்கு அங்க வித்தியாசம் 890 ஓட்டு. அந்த சீட்டையும் ராஜினாமா பண்ணிட்டாரு.

எனக்கு அப்ப தோணுனத வாய் சும்மா இல்லாம சொல்லிட்டேன். அண்ணா நகர்ல 699க்கு அப்புறம் அந்தப் பக்கமே நிக்கல, துறைமுகத்துல 890க்கு அப்புறம் அதுவும் வேணாம்னு சேப்பாக்கம் போயிட்டாரு, கடசில 2011ல சொந்த மாவட்டம் திருவாரூருக்கே வந்துட்டாரு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்ச மனுஷன், அதான் தோக்கல, இல்லயா? அங்கிள் ஒத்துக்கல. "சேப்பாக்கத்துல 2001ல 4834தான் வித்தியாசம், பயந்திருந்தா ஓடியிருக்கணும்ல, 2006ல திரும்ப அங்கயேதான நின்னாரு, தொகுதி மறுசீரமைப்புல சேப்பாக்கத்த திருவல்லிக்கேணியோட சேத்ததாலதான் மாறுனாரு"ன்னு மடக்கிட்டாரு. அந்தப் பாயிண்ட்ட என்னால தாண்ட முடியல, ஆனா என் சந்தேகம் முழுசா போகவும் இல்ல. 2016ல 91 வயசுல வீல்சேர்ல பிரசாரம் பண்ணி 68,366 ஓட்டுல ஜெயிச்சாரு, 2018 ஆகஸ்ட் 7 சாகும்போதும் திருவாரூர் எம்எல்ஏ. இதச் சொல்லும்போது அங்கிள் குரல் கம்முச்சு, நுரை அண்ணனும் வாய தொறக்கல.

வேலைய பத்தியும் சொல்லணும்ல. கட்டிங் 12 வெள்ளி, ஷேவிங் 6. பின் கழுத்து லைன் சுத்தமா இருக்கு, படிகாரம் போட்டு தேச்சு விடறாரு, எனக்குத் தலை மசாஜும் பண்ணி விட்டாரு, காசு கேக்கல. கிருதாதான் கோணல், அடுத்த வாரம் வந்தா சரி பண்ணித் தர்றேன்னு சொல்லிருக்காரு. அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுப்பேன்.

போறவங்க ஞாயிறு வேணாம், வார நாள்ல காலைல போங்க, அப்ப கூட்டம் இல்ல. எம்ஜிஆர் அமெரிக்கா ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே ஆண்டிப்பட்டில ஜெயிச்ச 1984ல கலைஞர் ஏன் தேர்தல்ல நிக்கலங்கற கேள்விய மட்டும் அவரு கைல ரேஸர் இருக்கும்போது கேக்காதீங்க.