சுருட்டு சுற்ற: வெறும் கையா, வீட்டில் செய்த பலகையா?

சுருட்டுக்கு மூன்று அடுக்கு: உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே சுற்றும் இலை. கையா பலகையா என்ற கேள்வி முதல் இரண்டுக்குத்தான். மேலிலையை எப்படியும் கையால்தான் சுற்றியாக வேண்டும்.

பலகை செய்வது பெரிய வேலை இல்லை. ஒரு மரப்பலகை, ஒரு ரெக்சின் துண்டு, ஓர் உருளைக் கட்டை போதும். ரெக்சினின் இரு ஓரங்களையும் பலகையில் அடித்து, கொஞ்சம் தொய்வு விட வேண்டும். கட்டை ரெக்சினுக்கு அடியில் இருக்கும். அதற்குப் பின்னால் விழும் குழியில் இலையை வைத்துக் கட்டையை முன்னே தள்ளினால், ரெக்சின் மடிந்து இலையை உருட்டிவிடும். தொய்வு கூடினால் பருமனும் கூடும். சுருட்டின் பருமனை அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்று எண்ணால் சொல்வார்கள்; 50 அளவு சுருட்டு என்றால் விட்டம் 50/64 அங்குலம், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்.

கையில் சுற்றும்போது இலையை விசிறி மடிப்பாக வைத்துக் காற்றுக்கு வழி விடலாம். எங்கே கெட்டி, எங்கே தொளதொள என்று விரல் அப்போதே சொல்லிவிடும். பலகையில் அது தெரியாது. கொஞ்சம் அதிகம் திணித்துவிட்டால் புகை இழுக்கவே வராது.

நீள இலை இருந்தால் கையைத்தான் சொல்வேன். நறுக்கிய துண்டு இலைக்குப் பலகைதான் சரி, கையில் உதிர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம், இலை பதமான ஈரத்தில் இருக்கட்டும். காய்ந்துவிட்டால் இரண்டிலும் நொறுங்கும்.