சொந்தப் படகில் சென்னைக்கு: எந்தத் துறைமுகத்தில் நுழைவது?

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்தோ சொந்தப் பாய்மரப் படகில் சென்னை வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எங்கே செலவு குறைவு?" என்றுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டியது வேறு. படகு போய் நின்றதும் கேப்டன் அதிகாரிகளைத் தேடிப் போக வேண்டுமா, அதிகாரிகள் படகுக்கு வருவார்களா, இல்லை இரண்டு பக்கத்துக்கும் நடுவே, படகுக்காரர் சார்பில் தாள் வேலை பார்க்கும் ஏஜென்ட் ஒருவர் அலைய வேண்டுமா? லங்காவி முதல் வகை. கொச்சி பெரும்பாலும் இரண்டாவது. சென்னை மூன்றாவது. இது பிடிபட்டால், எதை எப்போது தயார் செய்ய வேண்டும் என்பதும் பிடிபடும்.

இந்தியாவின் எந்தத் துறைமுகமானாலும் சட்டம் ஒன்றே. 1962ஆம் ஆண்டு கஸ்டம்ஸ் சட்டத்தின் 29ஆவது பிரிவுப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கலமும் முதலில் கஸ்டம்ஸ் துறைமுகத்தில்தான் நிற்க வேண்டும். பத்து மீட்டர் பாய்மரப் படகுக்கும் இதில் சலுகை இல்லை. மாமல்லபுரம் கோயிலைக் கடலிலிருந்து பார்த்ததும் ஆசைப்பட்டு நங்கூரம் போட்டால், கரையில் யாராவது 1093க்கு அழைப்பார்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் படகு வந்து நிற்கும். காசிமேட்டு மீனவர் நடுக்கடலில் அன்போடு மீன் நீட்டினாலும், கிளியரன்ஸுக்கு, அதாவது அதிகாரிகளின் நுழைவு அனுமதிக்கு, முன்பு எதையும் வாங்கவும் கூடாது, சிகரெட்டோ டீசலோ கொடுக்கவும் கூடாது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது கடத்தல் போலத்தான் தெரியும்.

சென்னை: எல்லாம் உண்டு, படகுக்கான இடம்தான் இல்லை

சட்டப்படி சென்னைக்கு எந்தக் குறையும் இல்லை. ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸும் துறைமுக அலுவலகமும் அருகருகே இருக்கின்றன. இமிகிரேஷன், துறைமுகச் சுகாதார அதிகாரி, கடலோரக் காவல் படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் எல்லாம் இதே ஊரில். ஆனால் அம்பேத்கர் டாக், ஜவஹர் டாக், பாரதி டாக் என்ற கப்பல்துறைகள் மூன்றும் சரக்குக் கப்பலுக்காகக் கட்டியவை. மிதவை மேடை கிடையாது. கப்பலுக்கு ஏற்ற உயரமான சுவர், கப்பல் மோதாமல் தாங்கும் பெரிய கறுப்பு ரப்பர் ஃபெண்டர், உள்ளே வரைக்கும் அலையாட்டம். சின்னப் படகின் விலா அந்த ரப்பரில் உரசினால் பெயின்ட் மட்டும் போகாது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுக வளாகத்துக்குள்ளேயே, ஸ்பிரிங்ஹேவன் பகுதியில் இருக்கிறது. அங்கே நிற்க வேண்டுமானால் கிளப், துறைமுகம் இரண்டின் சம்மதத்தையும் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். உங்கள் படகின் அடிக்கட்டை (கீல்) எவ்வளவு ஆழம் இறங்கும் என்று சொல்லி, அங்கே தண்ணீர் போதுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இடமும் ஏஜென்டும் முடிவாகாமல் சென்னைக்கு வருவது பெரிய தவறு. வருகைக்கு 96 மணி நேரம் முன்பு பாதுகாப்பு முன்னறிவிப்பு போக வேண்டும். அதில் படகின் பதிவு விவரம், ஆட்கள் பட்டியல், கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்கள் எல்லாம் இருக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து சென்னை சுமார் 280 கடல் மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் 56 மணி நேரத்தில் வந்துவிடலாம். அதாவது திருகோணமலையில் நங்கூரம் தூக்குவதற்கு ஏறத்தாழ 40 மணி நேரம் முன்பே அறிவிப்பு போயிருக்க வேண்டும். கடலில் இறங்கிய பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தால், வெளி நங்கூரப் பகுதியில் கப்பல்களுக்கு நடுவே ஆடிக்கொண்டு காத்திருக்க நேரும். லங்காவியிலிருந்து வந்தால் சுமார் 1,200 மைல், பத்து நாள் பயணம். நேரம் தாராளமாக இருக்கும், ஆனால் காற்றைப் பொறுத்து வந்துசேரும் நாள் மாறும். மாறும்போதெல்லாம் ஏஜென்டுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வந்து நின்றதும், சோதனைக்குக் காத்திருப்பதைக் காட்டும் மஞ்சள் 'கியூ' கொடி ஏற்றி, அனைவரும் படகிலேயே இருக்க வேண்டும். முதலில் சுகாதாரம், அடுத்து இமிகிரேஷன், பிறகு கஸ்டம்ஸ். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாக வந்து தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஆட்கள் பட்டியல், பொருள் பட்டியல், சொந்த உடைமைப் பட்டியல், ஆயுதம் போன்றவை ஏதும் இல்லை என்று சொல்லும் 'நில்' (nil) பட்டியல் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறு பிரதி வையுங்கள். படகின் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். அது இல்லாத தாளை இங்கே பாதித் தாளாகத்தான் பார்ப்பார்கள். கடைசித் துறைமுகத்தின் கிளியரன்ஸ் மட்டும் அசலாகவே வேண்டும். அலுவலக நேரத்துக்கு வெளியே கஸ்டம்ஸ் ஆள் வந்தால் ஓவர்டைம் கட்டணம் தனி. ஆகவே வார நாள் காலையில் உள்ளே வருவது நல்லது. இரவில் விளக்கில்லாத ஃபைபர் படகுகளும் வலைகளும் வழியெல்லாம் இருக்கும் என்பதும் பகலில் வரக் காரணம்.

கிளியரன்ஸ் முடிந்தாலும், டாக்கிலிருந்து ஊருக்குள் போய்வர வாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் (சி.ஐ.எஸ்.எஃப்.) சோதனை. துறைமுக நுழைவுச் சீட்டு இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது. பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் அதே சீட்டு வேண்டும். மயிலாப்பூரிலிருந்து அத்தை சாப்பாடு கட்டிக்கொண்டு நேரே படகுக்கு வந்துவிட முடியாது.

கொச்சி: வசதி அங்கேதான், சென்னைதான் தூரம்

போல்காட்டியில் 2010 முதல் இயங்கும் மரீனா, தனியார் படகுக்காகவே கட்டிய இடம். கொச்சியில் ஏஜென்ட் இல்லாமல் கேப்டனே முடித்துக்கொண்ட படகுகள் நிறைய. அதிகாரிகள் படகுக்கு வந்து பார்த்த பிறகு, மீதி வேலைக்கு வில்லிங்டன் தீவில் இருக்கும் அலுவலகங்களுக்குப் போனால் போதும். அங்குள்ளவர்களுக்குப் பாய்மரப் படகு புதிதல்ல. சென்னையில் ஒரு தாளுக்கு மூன்று முறை விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில், கொச்சியில் ஒரு முறை போதும்.

ஆனால் கொச்சியில் நுழைந்துவிட்டு அதே படகில் சென்னை வரலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள சேதுக்கடல் ஆழமில்லாதது, எனவே இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் படகு இந்தியாவுக்குள்ளேயே துறைமுகம் விட்டுத் துறைமுகம் போனாலும், கிளம்பும் இடத்தில் ஒரு கிளியரன்ஸ், சேரும் இடத்தில் மறுபடி கஸ்டம்ஸ், இமிகிரேஷன். கொச்சியில் மிச்சப்பட்ட தொல்லை சென்னையில் அப்படியே காத்திருக்கும். எங்கள் கருத்து: கொச்சியில் நுழைந்தால் படகை அங்கேயே விட்டு ரயிலில் வாருங்கள். படகோடு சென்னை வந்தே தீர வேண்டுமென்றால் முதல் நுழைவையே சென்னையில் வையுங்கள்.

பருவமும் இரண்டையும் பிரிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சிக் கடல் ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை ஆகாது. 2016 டிசம்பர் 12இல் வர்தா கரையைக் கடந்தது இந்த ஊரில்தான். புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் ஏறினால் துறைமுகம் கப்பல்களைக் கடலுக்குப் போகச் சொல்லும். சின்னப் படகுக்கு அது ஓடி ஒளிய இடமில்லாத நிலை. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக்கு நல்ல காலம்.

போர்ட் பிளேர், திருகோணமலை, லங்காவி

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற போர்ட் பிளேரில் நுழைவது அந்தமானைப் பார்ப்பவருக்கு மட்டுமே. சென்னைக்கு இன்னும் 740 மைல் மிச்சம் இருக்கும். எந்தத் தீவுக்கு எப்போது என்ற பயணத் திட்டத்தை முன்பே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். தடை செய்யப்பட்ட பகுதிகளுக்கு வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் தனி அனுமதி வேண்டும், இ-விசா செல்லாது.

இலங்கையில் ஏஜென்ட் கட்டாயம். காலி (Galle) துறைமுகத்தில் கடற்படையினர் ஏறிப் பார்த்த பிறகே துறைமுகத்துக்குள் விடுவார்கள். ஆனால் ஏஜென்டுகளுக்குப் பாய்மரப் படகு அன்றாட வேலை என்பதால், சென்னைக்கான தாள்களைத் தயார் செய்ய திருகோணமலை நல்ல இடம்.

லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. கேப்டன் தானே கரையிறங்கி இமிகிரேஷன், கஸ்டம்ஸ், கடல்துறை மூன்றையும் நடந்தே முடிக்கலாம். சென்னையில் ஒரு வாரம் மட்டும் இருக்க வேண்டுமென்றால், படகை அங்கே மரீனாவில் விட்டு மீனம்பாக்கத்துக்கு விமானம் ஏறுவதுதான் எல்லாவற்றையும்விட சுலபம்.

எங்கே இடிக்கும்

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், விசாவில் அது முன்னால் போயிருக்கும், ஆட்கள் பட்டியலில் "கே. முருகன்" என்று கேப்டன் எழுதியிருப்பார். மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரியாக அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாத் தாளிலும் எழுதுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2025 அக்டோபர் 1இல் வந்த இணைய வருகை அட்டையிலும் அதே பெயர். அதை வருகைக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், அப்போது நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். விவரங்களை ஏஜென்டிடம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள்.

இ-விசா செல்லும் துறைமுகங்களில் சென்னையும் கொச்சியும் உண்டு. ஆனாலும் படகில் வருபவர் பாஸ்போர்ட்டில் ஒட்டும் வழக்கமான விசா வாங்கிவருவது நல்லது. கப்பல் மாலுமி கரையிறங்கத் தரும் ஷோர் பாஸை நம்பி வராதீர்கள், அது மாலுமி அடையாளமான சி.டி.சி. புத்தகம் உள்ளவருக்கு.

கஸ்டம்ஸில் சிக்குவது பெரும்பாலும் மறைத்த பொருள் அல்ல, சொல்ல மறந்த பொருள். துராயா, இரிடியம் சாட்டிலைட் போன்கள் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருக்கவே கூடாது. அவசரத்துக்கு வைத்திருந்தால் அணைத்து, வரிசை எண்ணோடு பட்டியலில் எழுதி முதலிலேயே காட்டுங்கள். டிரோன், இ-சிகரெட் இரண்டும் கொண்டுவரத் தடை. தீப்பந்தத் துப்பாக்கியையும் ஆயுதப் பட்டியலில் எழுதுங்கள். மதுவை அதிகாரி புட்டி புட்டியாக எண்ணி, ஆட்களுக்குக் கொஞ்சம் வெளியே விட்டு, மீதியை ஒரு லாக்கரில் வைத்துக் கைப்பிடியில் கயிறு சுற்றி முத்திரை வைப்பார். அந்த லாக்கரில் உங்கள் மருந்துப் பெட்டியோ எஞ்சின் தண்ணீர் பம்புக்கான உதிரி இம்பெல்லரோ மாட்டிக்கொள்ளாதபடி முன்பே எடுத்துவிடுங்கள். முத்திரை அறுந்திருந்தால் கிளம்பும் நாளில் பதில் சொல்ல வேண்டி வரும்.

கிளம்பும் நாளில் கஸ்டம்ஸ் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வேண்டும். துறைமுக பாக்கி தீர்ந்தால்தான் அது வரும். கூட வந்தவர்களில் யாராவது விமானத்தில் திரும்புவதாக இருந்தால், அதை முதல் நாளே இமிகிரேஷனில் சொல்லி ஆட்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கி வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர் எங்கே என்ற கேள்விக்குக் கேப்டன்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.