படுக்கைப்புண்ணுக்குப் புரத மாவு: டப்பா விலைக்குத் தகுமா?

அம்மாவின் படுக்கைப்புண்ணுக்காக மருந்துக் கடையில் கொடுத்த வெனிலா ஊட்டச்சத்து மாவைப் பற்றி எழுதுகிறேன். சுவை பரவாயில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைகிறது, அம்மாவும் முகம் சுளிக்காமல் குடித்தார். ஆனால் புண் ஆறுவதற்கென்று வாங்குகிறவர்கள் தயவுசெய்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் புரதம் வெறும் 16 கிராம், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். 400 கிராம் டப்பா மொத்தத்துக்கும் 64 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது, ஆக பத்துப் பதினோரு முட்டையில் கிடைக்கிற புரதத்துக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம்.

படுக்கைப்புண் இருக்கிறவர் மெலிந்தும் போயிருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். 50 கிலோ இருக்கிற ஒருவருக்கு இந்த மாவை மட்டும் நம்பினால் தினம் ஒரு டப்பா காலி!

புண்ணுக்கென்றே ஆர்ஜினின் (புரதத்தின் ஒரு கூறான அமினோ அமிலம்), துத்தநாகம், ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் சேர்த்து வருகிற பானங்கள் வேறு ரகம், அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இத்தாலியில் ஊட்டம் குறைந்த 200 படுக்கைப்புண் நோயாளிகளிடம் அப்படி ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு அந்தப் பானம், இன்னொரு பிரிவுக்கு அந்தச் சத்துகள் சேர்க்காத பானம். இரண்டு பிரிவினருக்கும் ஒரே கலோரி, ஒரே புரதம். 8 வாரத்தில் அந்தப் பானம் குடித்தவர்களின் புண் பரப்பு சராசரியாக 61 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 45. அப்புறம் செலவையும் கணக்குப் போட்டார்கள். பானத்தின் விலை அதிகம்தான், ஆனால் புண்ணைப் பராமரிக்கிற மற்ற செலவு அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. அந்த விலை எனக்கு நியாயமாகப் படுகிறது, ஆனால் மெலிந்துபோனவர்களுக்கு மட்டும். சர்க்கரை நோயாளிகளின் காற்புண்ணில் ஆர்ஜினின், குளுட்டமின் (இதுவும் ஒரு அமினோ அமிலம்) கலந்த கலவையைச் சோதித்தபோது மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: மென்று சாப்பிட முடியாதவர், நாலு வாய்க்கு மேல் இறங்காதவர் என்றால் மாவு உதவும், அதிலும் புரத அளவு கூடுதலாக இருப்பதைத் தேடி வாங்குங்கள். சாப்பிட முடிகிறவருக்கு முட்டை, மீன், பால், பருப்பு போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எதையும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். புண் இருக்கிற இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கிற காற்று மெத்தை இன்னும் வாங்காத வீடு என்றால் முதலில் அதை வாங்குங்கள், நாலைந்து டப்பா விலைதான் வரும்.