ஃபிளெமிங்கின் பூஞ்சையா, சால்க்கின் கையெழுத்தா?

மருத்துவ மேதைகளின் நினைவுப்பொருள் ஒன்றை வாங்கிச் சேர்ப்பது என்றால், எதை வாங்கலாம்? எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபிளெமிங்கின் பூஞ்சைதான். 1928-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பூஞ்சை ஒன்றிலிருந்து பெனிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டறிந்தவர், பிற்காலத்தில் அதே பூஞ்சையைச் சின்ன வட்டமாக வளர்த்து, கண்ணாடிக்குள் அடைத்து, பின்பக்கம் கையெழுத்துப் போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். பார்ப்பதற்குக் காய்ந்த பாசி மாதிரிதான் இருக்கும். ஆனால் எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய பூஞ்சை அது! 2017-இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒன்று 14,617 டாலருக்குப் போனது.

போலியோ தடுப்பூசி தந்த ஜோனஸ் சால்க்கின் கையெழுத்து அப்படி அரிதல்ல. 1955-இல் உலகப்புகழ் பெற்று, 1995 வரை வாழ்ந்தவர். கடிதம், படம், அஞ்சல் உறை என்று நிறைய கையெழுத்திட்டிருக்கிறார். விலையும் கைக்கு எட்டும், விற்பதும் சுலபம்.

சரி, போலி? சால்க்கில்தான் கவனம் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: பேனா மை காகித இழையில் ஊறியிருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் அடர்த்தி கூடும். அச்சு என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஃபிளெமிங் பொருளுக்கோ, யாருக்குக் கொடுத்தார், அங்கிருந்து யார் கைக்கு வந்தது என்ற சான்றுதான் உயிர்.

முதல்முறை வாங்குபவருக்கு நான் சால்க்கின் கடிதத்தையே சொல்வேன், அதுவும் தடுப்பூசியைப் பற்றி நாலு வரியாவது எழுதியது. அப்புறம் விற்க நேர்ந்தால், கடிதம் வந்த உறையைத் தனியாகப் பிரித்து விற்காதீர்கள்.