தில்லிக் குளிருக்கு எந்த ஹீட்டர், எத்தனை வாட்?

மார்கழி பிறக்கும் முன்பே தில்லித் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா படுக்கும் அறைக்கு எந்த ஹீட்டரை வாங்குவது? கடைக்குப் போனால், உள்ளே அடைத்த எண்ணெயை மின்சாரத்தால் சூடாக்கும் ஆயில் ஹீட்டர் மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும், பிராணவாயுவை எரிக்காது, ஃபின் எனப்படும் அதன் தகடுகள் கூடக் கூட நல்லது என்று மூன்று செய்திகள் கிடைக்கும். மூன்றையும் அப்படியே நம்பிவிட முடியாது.

கம்பிச்சுருள் சூடாகி வெப்பம் தரும் எந்த ஹீட்டராக இருந்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து 3.6 மெகாஜூல் வெப்பமே கிடைக்கும். விசிறியால் சூடான காற்றை வீசும் ஆயிரம் ரூபாய் ப்ளோயரும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆயில் ஹீட்டரும் இதில் சமம். மின்சார ஹீட்டர் எதிலும் எதுவும் எரிவதில்லை என்பதால் பிராணவாயுவைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அந்த அச்சம் மூடிய அறையில் கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) வைப்போருக்கு உரியது. அதன் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும். ஃபின்களைப் பொறுத்தவரை, ஒரே வாட்டுக்கு அவை கூடினால் வெப்பம் அகலமான பரப்பில் பரவி, தொட்டால் சுடும் அளவு குறையும். கிடைக்கும் வெப்பம் கூடுவதில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? வெப்பம் யாரைச் சேருகிறது, எவ்வளவு விரைவில் சேருகிறது என்பதில்தான். குவார்ட்ஸ் அல்லது ஹாலஜன் ராட் ஹீட்டர் எதிரே உட்கார்ந்திருப்பவரை நேராகச் சூடாக்கும்; கூடத்தில் ஒருவர் மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் படிக்க 800 வாட் போதும், அறை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. இரவில் அதை எரியவிட்டுத் தூங்குவதோ, ரஜாயின் (பஞ்சுப் போர்வையின்) அருகில் வைப்பதோ கூடாது. ப்ளோயர் ஐந்து நிமிடத்தில் அறையின் குளிரை முறித்துவிடும், ஆனால் அதன் இரைச்சலும் முகத்தில் அடிக்கும் காற்றும் முதியோருக்கு ஒவ்வாது. ஆயில் ஹீட்டர் சூடேற அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், சத்தமின்றி, சூடு போதுமானதும் தெர்மோஸ்டாட் தானாக அணைத்த பிறகும் சற்று நேரம் வெப்பம் தந்துகொண்டிருக்கும். இரவு முழுவதும் எரிய வேண்டிய படுக்கையறைக்கு இந்த மூன்றில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். அதன் மேல் ஈரத்துணி உலர்த்தும் ஆசை மட்டும் யாருக்கும் வரக்கூடாது.

வாட் கணக்கில்தான் பெரும்பாலோர் பிழை செய்கிறார்கள். அறையின் சதுர அடியை மட்டும் பார்ப்பதைவிட, எத்தனை சுவர்கள் வெளியே பார்க்கின்றன, மேலே மொட்டைமாடியா வேறொரு வீடா என்று பார்ப்பதே முறை. 10க்கு 12 அடி, உயரம் 10 அடி கொண்ட அறையில் இரண்டு சுவர்கள் வெளிப்புறம் என்று கொள்வோம். பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 2 வாட் வெப்பத்தை வெளியே விடும். 20 சதுர மீட்டர் சுவருக்கு இது 40 வாட். ஜன்னலும் கதவிடுக்குக் காற்றும் சேர்ந்தால் சுமார் 60. வெளியே 6 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் இழப்பு 840 வாட். அதே அறை மேல்தளத்தில் இருந்தால், 11 சதுர மீட்டர் காங்கிரீட் கூரை வழியே டிகிரிக்கு இன்னும் 33 வாட் போய்விடுவதால் கணக்கு 1,300 வாட் அளவுக்கு ஏறும். குளிர்ந்து கிடக்கும் சுவர்களை முதலில் சூடேற்றுவதற்காக இதில் பாதியளவை மேலும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே நடுத்தளத்துக்கு 1,500 வாட்டும் மேல்தளத்துக்கு 2,000 வாட்டும் போதுமானவை. பொதுவாக 2,000 வாட் அளவில் வரும் 9 ஃபின் ஹீட்டரே இரண்டுக்கும் பொருந்தும். 13 ஃபின் பெரிய கூடத்துக்குத்தான். திரைச்சீலையைத் தடிமனாக்கி, கதவின் அடியில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தால் இந்தக் கணக்கு இன்னும் குறையும். செலவில்லாத அந்த வேலையைத்தான் யாரும் முதலில் செய்வதில்லை.

மின்சாரம் மெய்யாகவே மிச்சமாக வேண்டுமென்றால் ஒரே வழி, சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி. அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து இழுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தில்லிக் குளிரில் இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். மேலே சொன்ன 840 வாட்டை இரவில் எட்டு மணி நேரம் தருவதற்கு ஆயில் ஹீட்டர் மாதம் 200 யூனிட் எடுத்துக்கொண்டால், ஏசிக்கு 70 முதல் 80 யூனிட் போதும். யூனிட்டுக்கு 6.50 ரூபாய் என்று வைத்தால் மாதம் எண்ணூறு ரூபாய் மிச்சம். ஆனால் தில்லியில் கடுங்குளிர் ஆறு முதல் எட்டு வாரமே நீடிக்கும் என்பதால், சூட்டுக்காக மட்டும் புதிய ஏசி வாங்கினால் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். கோடைக்கு எப்படியும் ஏசி வாங்கப் போகிறவர்கள் மட்டும் கூடுதல் விலை கொடுத்து இந்த வகையை வாங்கலாம். அதன் மேலுள்ள நட்சத்திரங்கள் குளிர்விக்கும் திறனுக்கு உரியவை என்பதால், சூட்டுத் திறனைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். பனிமூட்டமான ஈர இரவில் வெளி யூனிட்டில் உறைபனி படிந்தால் அதைக் கரைக்கச் சில நிமிடம் சூடு நின்றுவிடும், அது பழுதன்று.

மின்கட்டண மானியக் கணக்கும் இதில் குறுக்கிடுகிறது. 2019இல் தில்லியில் வந்த ஏற்பாட்டில் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை, 400 வரை பாதி. ஏற்கெனவே 250 யூனிட் ஓடும் வீட்டில் ஆயில் ஹீட்டரின் 200ஐச் சேர்த்தால் 400 என்ற எல்லை தாண்டிவிடும். ஏசியின் 80ஐச் சேர்த்தால் தாண்டாது.

எதை வாங்கினாலும் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைத் தாங்கா. முதல் நாள் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; சுட்டால், மாற்ற வேண்டியது சாக்கெட்டைத்தான்.