கொழும்பில் காட்போட் பெட்டி செய்விப்பது: எங்கே போனால் என்ன கிடைக்கும்

ஏற்றுமதிச் சரக்குக்கான பெட்டியைக் கொழும்பில் மூன்று வகையான ஆட்களிடம் எடுக்கலாம். புறக்கோட்டைக் கடைகளில் ரெடிமேட் பெட்டி கிடைக்கும். சிறிய பட்டறைகள் அட்டையை ஷீட்டாக வாங்கி, வெட்டி, அச்சடித்து, கம்பிப் பின் அடித்துத் தரும். பெரிய தொழிற்சாலைகள் நெளிவு அட்டையை (நடுவே அலைபோல மடித்த தாள் ஒட்டிய அட்டை) தாங்களே தயாரிக்கும், சோதனைக்கூடமும் வைத்திருக்கும். அவசரத்துக்கு 50 பெட்டி என்றால் புறக்கோட்டை போதும், அதற்கு மேல் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மற்ற இரு தரப்பும் தாமாக நல்ல யோசனை கொண்டுவருமா என்பதுதான் இங்கே கேள்வி.

கொண்டுவரும். ஆனால் "5 பிளை (ஐந்து தாள் அடுக்கு), இத்தனை ஜீ.எஸ்.எம்., இந்த அளவு" என்று எழுதி மூன்று கொட்டேசன் கேட்டால் விலை மட்டும்தான் வரும். பெட்டி நசுங்கிய பிறகு போன் எடுத்தால், "நீங்க கேட்ட ஜீ.எஸ்.எம். தானே போட்டிருக்கு" என்பார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. ஜீ.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை, வலு அல்ல. பழைய காகிதத்தை அரைத்துச் செய்த தாளும் புது மரக்கூழில் செய்த கிராப்ட் தாளும் ஒரே எடையில் வேறு வேறு வலுவோடு இருக்கும்.

பெட்டி செய்ய வேண்டிய வேலையை எழுதிக் கொடுங்கள். ஒரு பெட்டி 8 கிலோ, அடுக்கு 7, கடலில் 6 வாரம். அப்படியானால் அடிப்பெட்டிக்கு மேலே 6 பெட்டி, 48 கிலோ. ஈரத்துக்கும் நாட்பட நிற்பதற்கும் 5 மடங்கு வைத்தால் 240 கிலோ அமுக்கத்தைத் தாங்க வேண்டும். ஐந்து மடங்கு மிகையல்ல. காற்றின் ஈரப்பதம் 90 வீதம் ஆனால் அட்டை கிட்டத்தட்டப் பாதி வலுவை இழக்கும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கொழும்புக் களஞ்சியங்களில் அந்த ஈரம் புதிதல்ல.

வேலையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. உள்ளளவு 394×294 மி.மீ. புளூட் என்பது அட்டைக்குள் இருக்கும் அலையின் அளவு. சி புளூட் அட்டை 4 மி.மீ. தடிப்பு, வெளியளவு 402×302 ஆகும். 1200×1000 பலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) ஓர் அடுக்குக்கு 8 பெட்டிதான் பிடிக்கும். பி புளூட் 3 மி.மீ.; வெளியளவு 400×300, அடுக்குக்கு 10. ஏழு அடுக்குக்கு 14 பெட்டி கூடுதல். 10 பலட் ஏறும் 20 அடி கொன்டெய்னருக்கு 140. வித்தியாசம் வெறும் 2 மி.மீ.! சி புளூட்டிலேயே 10 பெட்டியைத் திணித்தால் ஓரங்கள் பலட்டுக்கு வெளியே தொங்கும். பாரத்தைத் தாங்குபவை மூலைகள்; அவை அந்தரத்தில் நின்றால் பெட்டி சரியும்.

இதற்கும் விலை உண்டு. பெட்டியின் தாங்குசக்தியைக் கணக்கிடும் மெக்கீ சூத்திரப்படி, ஓர அமுக்க வலு (அட்டையை ஓரத்தில் நிறுத்தி அமுக்கினால் தாங்கும் வலு) ஒன்றாகவே இருந்தாலும், தடிப்பு 4இலிருந்து 3 ஆகும்போது பெட்டியின் தாங்குசக்தி சுமார் 13 வீதம் குறையும். வெளித்தாளை உயர்த்த வேண்டும், பெட்டி விலை சற்று ஏறும். பெட்டி விலையை மட்டும் ஒப்பிடும் கொள்வனவுப் பிரிவு இந்த யோசனையை முதல் பக்கத்திலேயே தள்ளிவிடும். போய்ச் சேரும் ஒரு பெட்டிச் சரக்குக்கு மொத்தச் செலவு என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

சாம்பிளில் சிறிய பட்டறை முந்தும். முதலாளியே கத்தியோடு வந்து நிற்பார். அமுக்கச் சோதனை இயந்திரத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. வெளியே சோதித்த அறிக்கை கேளுங்கள். பெரிய இடத்தில் சோதனை நம்பகமானது, ஆனால் சின்ன ஓடர் வரிசையின் கடைசியில் கிடக்கும். யோசனைக்குப் பட்டறை, 240 கிலோ உறுதிக்குத் தொழிற்சாலை என்பது நமது தீர்ப்பு.

இரு தரப்பும் வாய் மூடிக்கொள்வதற்குக் காரணம் ஒன்றே: ஒருவர் வரைந்து தந்த படத்தை அடுத்த கொட்டேசனில் மற்றவர்களுக்கும் அனுப்பும் பழக்கம். ஒருமுறை செய்தால் போதும், அதன் பிறகு அவரிடமிருந்து யோசனை வராது. படம் யாருக்குச் சொந்தம், மிச்சமாகும் பணத்தில் 12 மாதத்துக்குப் பாதி அவருக்கா என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். சாம்பிள் செலவையும் கொடுத்துவிடுங்கள்.

முதலில் 50 பெட்டி, பிறகு உண்மையான கொன்டெய்னர் ஒன்றில் 500, அதன் பிறகே முழு ஓடர். ஆண்டு முழுவதும் விலையைப் பூட்டி வைத்தால், டொலர் ஏறும்போது தாளின் தரம் சத்தமில்லாமல் இறங்கும். தாள் விலையோடும் நாணய மாற்றோடும் நகரும் விலையாக ஒப்பந்தம் எழுதி, ஒவ்வொரு லொட்டிலும் 5 பெட்டியை அமுக்கிப் பாருங்கள்.