அம்மா வீட்டில் ஸ்மார்ட் ஸ்விட்ச், கேமரா, சென்சார்: ஏழு மாதம் ஆகிவிட்டது

செங்கோட்டையை அடுத்த புளியரையில் அம்மா தனியாக இருக்கிறாள், வயது 71, நான் கோவையில். தை மாதம் நாலு ஸ்மார்ட் ஸ்விட்ச் மாடியூல், ஒரு கேமரா, பேசினால் கேட்கும் ஸ்பீக்கர், கதவு சென்சார் எல்லாம் வாங்கிப் போட்டேன். சாரல் காலமும் பார்த்தாச்சு, இனி தைரியமாக எழுதலாம்.

மாடியூல் நல்ல பொருள். பழைய ஸ்விட்சுக்குப் பின்னால் போர்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், போனிலும் போடலாம், கையாலும் தட்டலாம், அம்மாவுக்கு எதுவுமே மாறவில்லை. ஆனால் பழைய வயரிங் வீடென்றால் ஸ்விட்ச் பெட்டியில் இந்த மாடியூலுக்கு வேண்டிய நியூட்ரல் வயர் பெரும்பாலும் இருக்காது. எங்கள் வயர்மேன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இழுத்தார், அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள். என்னுடையது ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் எல்லா விளக்கும் தானாக எரிந்து அம்மாவை எழுப்பிவிட்டது, கரண்ட் வந்தாலும் அணைந்தே இருக்கும்படி ஆப்பில் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கர் வீண். நான் வாங்கியதற்கு இங்கிலீஷும் இந்தியும்தான் தெரியும், அம்மாவுக்கு இரண்டும் தெரியாது.

கேமரா விஷயத்தில் தப்பு என்மேல்தான். அவள் விழுந்து கிடந்தால் தெரியணுமே என்ற பயத்தில் ஹாலில் மாட்டினேன். மூன்றாம் நாள் போனில் வெறும் இருட்டு. அடுப்படியில் சட்டி இறக்கும் கரித்துணியை அதன்மேல் போட்டிருந்தாள். "அது பாத்துக்கிட்டே இருக்குல்லா, என் வீட்டுல நான் காலை நீட்டி உக்கார முடியலய்யா" என்றாள். அன்றே கழற்றச் சொன்னேன். யார் வீட்டில் மாட்டுகிறோமோ அவர்களை முதலில் கேட்கணும், நான் கேட்கவில்லை.

இப்போது அந்த வேலையைப் பின்வாசல் சென்சார் செய்கிறது. காலையில் கிணற்றடிக்குப் போக அவள் கதவைத் திறந்தால் என் போனில் ஒரு சத்தம், அது போதும் எனக்கு. ஆனால் ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், ஒருநாள் எட்டு மணிவரை சத்தமே வராமல் கை நடுங்கப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டால், அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள், பக்கத்து வீட்டு நம்பரையும் விட்டுவிடாதீர்கள்.

கேமரா பீரோவில் கிடக்கிறது. வாசலில் தெருவைப் பார்த்து வேணும்னா மாட்டிக்கோ என்கிறாள், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மாட்டணும்.